ஆடாதொடைக்குக் கசப்பு வந்த கதை

ஆடு வாயைத் திறந்தால் வெறும் கத்தலாக இல்லாமல் வார்த்தையாகவே வந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் செம்மண்கரை என்று ஓர் ஊர் இருந்தது. கொடிக்காய்களுக்குப் பேர்போன ஊர். தரையில் வெள்ளரியும் பூசணியும் படரும். பந்தலில் பாகலும் புடலும் தொங்கும். கோடையில் ஆறு வற்றி வயல் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் ஊரார் பூசணியை நம்பித்தான் இருந்தார்கள். பறித்துப் பரணில் அடுக்கிவிட்டால் அடுத்த மழை வரைக்கும் கெடாமல் இருக்குமே!

அந்த ஊரில் வெயிலாள் என்று ஒருத்தி. அவளைவிட நன்றாகத் தோட்டம் செய்கிறவர்கள் இல்லை. அவளைவிடப் பிடிவாதக்காரியும் இல்லை. சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். விடிந்ததும் களைக்கொத்தியோடு இறங்கினால், வெயில் தலைக்கு ஏறும்வரை நிமிர மாட்டாள். "நான் போடாத விதை என் மண்ணுல முளைக்கக் கூடாது" என்பாள். வேலியோரத்து நொச்சியை வெட்டினாள். வரப்பில் நின்ற துத்தியைப் பிடுங்கினாள். மேட்டில் மஞ்சளாய்ப் பூத்து நின்ற ஆவாரையையும் வேரோடு கெல்லி எறிந்தாள். அவள் தோட்டம் பெருக்கிவிட்ட முற்றம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் ஆரம்பித்தார்கள். இரண்டே வருஷத்தில் ஊர் முழுக்க ஒரு காட்டுச்செடி மிச்சமில்லை.

ஒன்றே ஒன்றுதான் தப்பியது. ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் புதராய் நின்ற ஒரு செடி. நீள நீளமான பச்சை இலை. வாயில் போட்டால் பனங்கற்கண்டு மாதிரி இனிக்கும். அதனால் அதற்குத் தேனிலை என்று பேர். வெயிலாளின் புருஷன் சங்கிலி ஆடு வளர்க்கிறவன். அவன்தான் குறுக்கே விழுந்து அதைக் காப்பாற்றினான்.

"ஏட்டி, இதை மட்டும் தொடாதே. என் ஆடுகளுக்கு இதுதான் பலகாரம்."

பலகாரம் என்று சொன்னது சரிதான். சங்கிலியின் பட்டியில் மோழை என்று கொம்பில்லாத ஆடு ஒன்று இருந்தது. காலையில் எழுந்ததும் அது தேனிலையில் ஒரு வாய் கடித்தால்தான் அடுத்த காலடி எடுத்து வைக்கும்.

மூன்றாம் வருஷம் பங்குனி பிறந்தது. வெயிலாளின் பூசணிக் கொடி அந்த வருஷம் ஓடியதுபோல் எந்த வருஷமும் ஓடியதில்லை. இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. பூவும் நிறையப் பூத்தது. பூவுக்கு அடியில் குண்டுமணி அளவில் பிஞ்சும் இருந்தது. நாலாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளித்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. வெயிலாள் எரு போட்டாள். இரண்டு குடம் தண்ணீர் அதிகம் ஊற்றினாள். பிஞ்சு உதிர்வது நிற்கவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, ஊரில் எல்லாருக்கும் அப்படியே. பரண் நிறைய இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மூலையில் நாலைந்து காய் மட்டும் கிடந்தது.

வெயிலாள் பந்தலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அப்போது அவள் தலையில் பொடிப்பொடியாக ஏதோ விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஒரு கருவண்டு அவள் பந்தக்காலைக் குடைந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் பருமன், கன்னங்கரேல் என்று உடம்பு, வெயில் பட்டால் ஊதாவாக மின்னும் சிறகு.

"ஏ கருவண்டு! ஊர்ல எத்தனை மரம் இருக்கு! உனக்கு என் பந்தக்கால்தான் கெடச்சதா?"

"காய்க்காத பந்தலுக்குக் கால் எதுக்கு?" என்றது வண்டு, குடைவதை நிறுத்தாமல்.

வெயிலாளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. "ஏன் காய்க்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியலங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். ஆண்பூவுல இருக்கற பொடியைப் பெண்பூவுல கொண்டுபோய்ச் சேர்த்தாத்தான் பிஞ்சு நிக்கும். அந்த வேலையைச் செஞ்சது தேனீக்கள். அதுங்க எல்லாம் போன வருஷமே மலைக்கு அந்தப் பக்கம் போயாச்சு."

"ஏன் போச்சு? என் தோட்டத்துல பூவுக்கு என்ன குறைச்சல்?"

"உன் தோட்டம் பூக்கறது பங்குனியும் சித்திரையும். மிச்சம் பத்து மாசம் நாங்க எதைக் குடிக்கறது? உழவு நாளைக்கு மட்டும் மாட்டுக்கு வைக்கோல் போட்டு, மத்த நாள் பட்டினி போடுவியா நீ?"

தோற்றதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் வெயிலாளுக்குக் கிடையாது. "பொடியை எடுத்து வைக்கணும், அவ்வளவுதானே? அதை நானே செஞ்சுக்கறேன்" என்று எழுந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு கோழி இறகை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். குனிந்து ஒரு பூவைத் தொட்டாள், நிமிர்ந்தாள், இன்னொரு பூவைத் தேடினாள், மறுபடி குனிந்தாள். வெயில் ஏறியதும் பூவெல்லாம் வாயை மூடிக்கொண்டது. மூன்று நாள் இப்படி நடந்தது. நாலாம் நாள் அவளால் பாயைவிட்டு எழ முடியவில்லை. சங்கிலி இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான். மூன்று நாள் பாட்டுக்கு ஒன்பது காய் நின்றது. கருவண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு தேனீ இதைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால செஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்றைக்குத்தான் வெயிலாள் இறங்கிவந்தாள்.

"சரி. அதுங்க திரும்பி வரணும்னா நான் என்ன செய்யணும்?"

வண்டு ஜன்னல் சட்டத்தில் வந்து உட்கார்ந்தது. "மழை மாசத்தை அதுங்க மலைப்பக்கமே சமாளிச்சுக்கும். மார்கழி, தை, மாசியில பூக்கற செடி வேணும். மத்தது எல்லாம் காஞ்சு கிடக்கற நேரம் அது. ஒரு வருஷம் பூத்துட்டுச் சாகக் கூடாது. வருஷா வருஷம் அதே இடத்துல நிக்கணும். ஆள் உயரத்துக்கு மேல வளரணும். குட்டையா இருந்தா மலையிலிருந்து பார்க்கறவங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு வேலி பூத்துதுன்னா சொல்லு, நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

வெயிலாள் தான் விரட்டிய செடிகளைத் தேடிப் போனாள். வண்டிப்பாதையோரத்தில் ஆவாரை நின்றது. "வேரோடு பிடுங்கி எறிஞ்ச வாசலுக்கு இனிமே வரமாட்டேன். வேணும்னா நீ இங்கே வா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. நொச்சி ஆற்றங்கரையில் சௌகரியமாக இருந்தது. அது அசைவதாக இல்லை. துத்திதான் கொஞ்சம் இரங்கியது. "வர்றேன். ஆனா மத்தியானம் வரைக்கும் என்னை எழுப்பக் கூடாது" என்றது. காலையில் வருகிற தேனீக்கு மத்தியானம் எழுகிற துத்தி மட்டும் போதுமா?

வெறுங்கையோடு திரும்பி வந்தவள், ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் கால் கழுவப் போனாள். அங்கே தேனிலை, மோழை கடித்தது போக மிச்சம் இருந்த நாலு இலையோடு நின்றது.

"உனக்குப் பூக்கத் தெரியுமா?" என்று வெயிலாள் கேட்டாள்.

தேனிலை கூச்சத்தோடு சொன்னது: "தெரியும்னுதான் நினைக்கறேன் அம்மா. பூக்கற வரைக்கும் யாரும் என்னை விட்டுவச்சதில்லை."

"எவ்வளவு உயரம் வளருவே?"

"அதுவும் தெரியாது. முழங்காலைத் தாண்டினதே இல்லையே."

ஆடி மாசம் முதல் தூறல் விழுந்ததும் வெயிலாள் அதிலிருந்து நடுவதற்கு விரல் கனத்தில் போத்துகள் வெட்டினாள். தோட்டத்தைச் சுற்றி, இரண்டு முழத்துக்கு ஒன்றாக நட்டாள். சுற்றிலும் முள் அடைத்தாள். மோழையைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினாள்.

"சத்தியம் பண்ணு. இதுல வாய் வைக்க மாட்டேன்னு சொல்லு."

"சத்தியமா வைக்க மாட்டேன் ஆத்தா" என்றது மோழை. மனசாரத்தான் சொன்னது. சாயங்காலம் பார்த்தால் முள்வேலிக்கு வெளியே அதன் தாடி மயிர் கொத்தாக மாட்டியிருந்தது. உள்ளே மூன்று போத்து மொட்டை.

அப்புறம் என்ன, பட்டியின் படலை இறுக்கிக் கட்டியாயிற்று. ஆடுகளுக்குப் புல் அறுத்துவந்து போடுவது வெயிலாளின் வேலையாயிற்று. சங்கிலிக்கு அது பொறுக்கவில்லை. "செடிக்காக என் ஆட்டைச் சிறையில வச்சிட்டியே" என்று இரண்டு மாசம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தேனிலை முதல் வருஷ மழைக்கு வேர் விட்டது. இரண்டாம் வருஷ மழைக்குத் தோள் உயரம் வந்தது. பூ மட்டும் வரவில்லை. அந்த இரண்டு கோடையும் ஊர் கிழங்கு தோண்டித் தின்று கழித்தது. மேலத்தெருவில் இரண்டு வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆலமரத்தடியில் கூடி, வருகிற பங்குனியிலும் காய் பிடிக்காவிட்டால் எல்லாருமே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அப்போது யாரும் வெயிலாளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. வரப்புச் சுத்தத்தை ஊருக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தானே!

மூன்றாம் வருஷ மழைக்குத் தேனிலை அவள் தலைக்கு மேல் போனது. மார்கழியில் நுனிக்கு நுனி கதிர் கதிராக மொட்டு வைத்து, வெள்ளை வெளேரென்று பூத்தது. வெயிலாள் தோட்டத்தைச் சுற்றி ஓடி ஓடிப் பார்த்தாள். தேனிலைக்கே தன்னை நம்ப முடியவில்லை. "அம்மா, இது நான்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கருவண்டு வந்தது. ஒரு பூவில் தலையை நுழைத்தது. வெளியே வந்து இன்னொரு பூவில் நுழைத்தது. பிறகு பந்தக்காலில் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்ன?" என்றாள் வெயிலாள்.

"அழகான பூ. உள்ளே பச்சைத்தண்ணிதான் இருக்கு. இருக்கற இனிப்பு அத்தனையும் இலையிலேயே தங்கிடுச்சே. இதைக் காட்டியா நான் மலைவரைக்கும் போய் ஆளைக் கூப்பிடறது?"

அந்தப் பேச்சு முடியவில்லை. பின்னால் படபடவென்று சத்தம். பட்டியின் படல் முறிந்துவிட்டது. மோழை முன்னால் வர, மொத்தப் பட்டியும் வேலிமேல் பாய்ந்தது. வெயிலாள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் கிழக்குப் பக்க வேலி பாதி காலி. கிளைகள் ஒடிந்து தொங்கின. வெள்ளைப் பூக்கள் குளம்படியில் நசுங்கிக் கிடந்தன.

மற்ற ஆடுகள் சிதறி ஓடின. மோழை மட்டும் ஓடவில்லை. வாய் நிறைய இலையோடு நின்றது, மென்றுகொண்டே அழுதது.

"அடி, ஆத்தா. நல்லா அடி. அடிச்சா வலிக்கும், வலி போனதும் திரும்ப வருவேன். நான் கெட்டவ இல்லை. இந்த இனிப்பு என்னை விடமாட்டேங்குது. இது இலையில இருக்கற வரைக்கும் என் சத்தியத்தை நீ நம்பாதே."

ஓங்கிய கம்பு வெயிலாளின் கையிலேயே நின்றது. கம்பைக் கீழே போட்டுவிட்டு, ஆட்டுக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். வண்டு இனிப்பு பூவில் இல்லை என்கிறது. ஆடு இனிப்பு இலையில் இருக்கிறது என்கிறது. இரண்டு பேரும் ஒரே குறையைத்தானே சொல்கிறார்கள்!

சத்தம் கேட்டு வந்த சங்கிலியிடம் அதைச் சொன்னாள். அவன் ஒடிந்த வேலியையும் அழுகிற ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தான். நெடுநேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு கேட்டான்:

"பானையில எண்ணெய் இருக்கு. அதுல தண்ணியை ஊத்தினா எண்ணெய் எங்கே போகும்?"

"மேலே வரும்."

"அப்போ கீழேயிருந்து கசப்பை ஊத்து. இனிப்பு மேலே ஏறி, பூவுல போய் நிக்காதா?"

வெயிலாள் மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் வேப்பம்புண்ணாக்கு இருந்தது. பெரிய மிடாப் பானையில் தண்ணீரோடு போட்டு ஊறவைத்தாள். வாசனையே தொண்டையில் கசந்தது. ஊற்றுவதற்கு முன்னால் செடியிடம் வந்து நின்றாள்.

"உன்னைக் கேக்காம ஊத்த மாட்டேன். கசப்பு ஏறினா இறங்காது. உன் பேரே போயிடும். இனிமே யாரும் உன்னை ஆசையாப் பார்க்க மாட்டாங்க."

தேனிலை ஒடிந்த கிளைகளை ஒரு தடவை அசைத்துப் பார்த்தது. "ஆசையாப் பார்த்தவங்க எல்லாம் என்னைத் தின்னாங்க அம்மா. நான் ஒரு தடவையாவது முழுசா வாழ்ந்து பார்க்கறேன். ஊத்து" என்றது.

மூன்று நாள் காலையில், வேர் வேராக ஊற்றினாள். முதல் நாள் செடி நடுங்கியது. இரண்டாம் நாள் இலை கருகருவென்று பச்சை ஏறி, ஒருவித நெடி அடித்தது. மூன்றாம் நாள் கசப்பு கிளையெல்லாம் நிறைந்து இனிப்பை மேலே தள்ளியது. அது பூவின் அடியில் போய்த் திரண்டது. கடைசிக் கசப்பு உறைத்த வேகத்தில் பூக்கள் எல்லாம் "அம்மாடி!" என்று உதட்டைப் பிளந்து வாயைத் திறந்தன. திறந்த வாயை அப்புறம் மூடவேயில்லை.

அந்த நேரம் கருவண்டு பசி தாங்காமல் வேலியோரத்துப் பசலைக்கொடியில் பழம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெயிலாள் கூப்பிட்டதும் ஊதாச் சாறு ஒட்டிய காலோடு அப்படியே பறந்துவந்து ஒரு பூவின் கீழுதட்டில் இறங்கியது. உள்ளே போனது. போனது போனதுதான், வெளியே வரவில்லை. வெயிலாள் பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்து 'உர்ர்' என்று சந்தோஷச் சத்தம் மட்டும் வந்தது.

வெளியே வந்தபோது வண்டுக்குப் பேச்சு குழறியது. "வெயிலாளு! தேன்! தேன்!" என்று அடுத்த பூவுக்குப் போனது, அதற்கடுத்த பூவுக்குப் போனது. அது நடந்த இடமெல்லாம் வெள்ளை உதட்டில் ஊதாக் கோடு விழுந்தது. "அழிச்சிராதே, இருக்கட்டும். பின்னால வர்றவங்களுக்கு வழி தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்துப் பறந்தது.

அதற்குள் இந்தப் பக்கம் மோழை வந்துவிட்டது. சங்கிலி வேண்டுமென்றே படலைத் திறந்து விட்டிருந்தான். வழக்கம்போல நாலு கால் பாய்ச்சலில் வந்து, ஒரு பெரிய வாயாகக் கடித்தது. ஒரு தடவை மென்றது. அப்படியே நின்றது. மேலுதடு மூக்குவரைக்கும் சுருண்டது. காது இரண்டும் தனித்தனிப் பக்கம் போனது. மூன்று தும்மல் தும்மி, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, செடியை ஏற இறங்கப் பார்த்தது.

"இது என் தேனிலை இல்லை!"

"அதேதான்" என்றாள் வெயிலாள்.

"இதைத் தின்ன ஆட்டுக்குப் பிறந்தவளுக்கு வாய் வருமா? நான் தொடமாட்டேன். என் பிள்ளை தொடாது. அதன் பிள்ளையும் தொடாது!" மோழை தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒரு ராணியைப்போல் நடந்து போனது. கொஞ்சதூரம் போனதும் அதன் நடை தளர்ந்தது. வெயிலாள் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அந்த இலைமேல் ஆசைதான். களை பிடுங்கும் நேரத்தில் யாருக்கும் தெரியாமல் அவளும் இரண்டு இலை கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். இப்போது ஒன்றைக் கிள்ளி மென்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து மோழைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் மலைப்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. மழைதான் இந்தக் காலத்தில் வருகிறதோ என்று ஊர்க்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். தேனீக்கூட்டம். முன்னால் கருவண்டு. வேலியெங்கும் இறங்கி, ஊதாக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பூவுக்குள் போவதும் வருவதுமாக ஒரே கூட்டம். மார்கழி போய், தை போய், மாசி முடியும் வரைக்கும் அதுகளுக்கு வேறு இடம் தேட வேண்டிய அவசியம் வரவில்லை. பங்குனியில் பூசணி பூத்தபோது எல்லாம் அங்கேயேதான் இருந்தன.

அந்த வருஷம் பாகலும் புடலும் காய்த்த காய்ப்பில் பந்தலுக்கு முட்டுக்கொடுத்தார்கள். பரணில் இடமில்லாமல் பூசணியைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்கள். வெளியூர் போன இரண்டு வீட்டாரும் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்கள். ஆளாளுக்கு வெயிலாள் வீட்டுக்கு வந்து ஒரு கட்டுப் போத்து வாங்கிக்கொண்டு போய் வேலியில் நட்டார்கள். வேலிக்கு அடியில் துத்தி தானாக முளைத்தது. வெயிலாளுக்குக் கை துறுதுறுக்கும். பிடுங்காமல் இருப்பதுதான் பிடுங்குவதைவிடப் பெரிய வேலை என்று சங்கிலியிடம் சொல்வாள். அவன் அந்த நேரம் பார்த்துக் களைக்கொத்தியை ஒளித்துவைத்துவிடுவான்.

தேனிலை என்ற பேர் இனிப் பொருந்தாது என்று ஊர் கூடிப் புதுப்பேர் தேடியது. ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் மோழை சொன்னதே நின்றது: ஆடு தொடா இலை. சொல்லிச் சொல்லி வாயில் உருண்டு அது ஆடாதொடை ஆயிற்று.

இன்றைக்கும் நம் ஊர் வேலிகளில் ஆள் உயரத்துக்கு மேல் அது நிற்கிறது. முள் கட்டுவார் இல்லை, காவல் இருப்பார் இல்லை. வெள்ளைப்பூ வாயைத் திறந்தபடியே இருக்க, வண்டும் தேனீயும் ஊதாக் கோட்டின்மேல் நடந்து உள்ளே போகின்றன. ஆடு பக்கத்தில் வரும், ஒரு முறை முகரும், உதட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அன்று தொட்டுத்தான் ஆடு அதைத் தொடுவதில்லை.